ஏழாம் நம்பர் டிரைவர்

அந்த சீட்டா சார்? அதுல யாரும் ஒக்கார்றதில்ல. இல்ல, இல்ல, எந்திரிக்காதீங்க. ஒக்காருங்க. காலியாத்தான கெடக்கு. நாப்பத்தேழு நாளா காலியாத்தான் கெடக்கு. பையை மட்டும் மடியில வச்சிக்கிங்க, இந்த இஞ்சின் பொட்டி கொதிக்கும்.

போச்சு. பாத்தீங்களா? நம்ம தலையக் கண்டதும் கேட்டை எறக்குறாங்க. இந்த மாவடிமங்கலம் ரயில்வே கேட்டுக்கும் எனக்கும் ஆவவே ஆவாது சார். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை இதைத் தாண்டுறேன். பதினாலு தடவையும் மூடித்தான் கெடக்கும். எதிர்ல வர்றவனுக்கு மட்டும் எப்படித்தான் தொறந்திருக்கோ, தெரியல.

சரி, புடிச்சிக்கிங்க. முன்னாடி நாலு வண்டி நிக்கிது. ரைட்டுல ரோடு காலியா இருக்கு பாருங்க, அப்படியே ஒடிச்சி, கேட்டுக்கிட்ட கொண்டுபோயி மூக்கை வச்சிடுவோம். இவனுங்களுக்குப் பின்னாடி நின்னா என் டைமிங் என்னாவுறது? பதினொண்ணு பத்துக்கு நான் கடைத்தெருவுல இருக்கணும். பிந்தினா அடுத்த மினி பஸ்காரன் என் சனத்தையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிடுவான்.

என்ன கேட்டீங்க? சீட்டு ஏன் காலின்னா?

அதை ஏன் சார் கேக்குறீங்க. அது என் வீட்டுக்காரி சீட்டு. வேம்புன்னு பேரு. கடைத்தெருவுல ஒரு ஜவுளிக்கடையில வேலை பாக்குறா. இந்த வண்டியை நான் ஓட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து தினம் இந்த சீட்டுலதான் போவா, வருவா. வழி முழுக்கப் பேசுவா. கடையில யாரு என்ன பொடவை எடுத்தா, எதைப் பிரிச்சிப் போட்டுட்டு எடுக்காமப் போனான்னு ஒண்ணு விடமாட்டா. எனக்குப் பாதி காதுலயே விழாது. ஆனா அந்தச் சத்தம் இல்லைன்னா எனக்கு மூணாவது கியர் சரியா விழுறதில்ல சார். மெக்கானிக் கிட்ட ரெண்டு தடவை காட்டிட்டேன். வண்டியில ஒரு கோளாறும் இல்லைங்குறான்.

இப்ப அவ ஷேர் ஆட்டோவுல வர்றா. ஆட்டோ கேட்டுக்கு இந்தாண்டையே எறக்கி விட்டுடும். எறங்கி, கேட்டை நடந்து தாண்டி, அந்தாண்ட வேற ஆட்டோ புடிப்பா. என் வண்டி நிக்கிறதைப் பாப்பா. வண்டியையும் பாப்பா, ரோட்டையும் பாப்பா. பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவா. வீட்டுல சோறு போடுறா, கொழம்பு ஊத்துறா, பேச்சு மட்டும் இல்ல. எனக்கு இப்ப ஒரே ஒரு ஆசைதான் சார். அவ இந்த சீட்டுல வந்து ஒக்காரணும். வேற எதுவும் வேணாம்.

இருங்க, ஒரு நிமிஷம், ரைட்டுல எடுத்துடுறேன். ஏய், ஏய்! பாத்தீங்களா, ரெண்டு பைக்குக்காரனுங்க பூந்துட்டானுங்க. அதுல ஒருத்தன் குனிஞ்சி கேட்டுக்கு அடியிலயே போறான் பாருங்க. அந்தாண்ட போயி என்ன பண்ணுறான்? டீக்கடையில நிக்கிறான்! டீ குடிக்கவா சார் உசுரைக் குடுத்துப் போறான்? தலைக்குள்ள என்னதான் இருக்குமோ.

ஆங், எங்க விட்டேன்? அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, வேம்புவோட அக்கா மகளுக்கு வளைகாப்பு. விடியக்காலம் எந்திரிச்சி அஞ்சு வகைச் சோறு கிண்டி, தூக்குல அடைச்சி எடுத்துக்கிட்டு வந்தா. மடியில புளியோதரை, காலடியில தயிர்சோறு. நீங்க ஒக்காந்திருக்கிற எடத்துலதான். கேட் மூடியிருந்துச்சு. லெஃப்டுல எடமில்ல. லெஃப்டுல எடமிருந்தா நான் லெஃப்டுலதான் நிப்பேன் சார், எப்பவுமே. எனக்கு முன்னாடி வந்தவனுங்க நின்னுக்கிட்டு இருந்தா நான் என்ன பண்ணுறது? ரைட்டுல போயி முன்னாடி நின்னேன். திரும்பிப் பாத்தா எனக்குப் பின்னாடி ஒரு லோடு ஆட்டோ, அதுக்குப் பின்னாடி ஒரு கார், அத்தனை பேரும் ரைட்டுல. ஒழுக்கமே கெடையாது சார் நம்ம சனத்துக்கு. எனக்குன்னா டைமிங் இருக்கு. இவனுங்களுக்கு என்ன கேடு?

கேட் தொறக்குது. பாத்தா அந்தாண்டையும் அதே கூத்து. இந்தப் பக்கம் ரோடு முழுக்க வண்டி, அந்தப் பக்கம் ரோடு முழுக்க வண்டி. சண்டைக்கு நிக்கிற மாதிரி நிக்கிது. எல்லாரும் ஒரே நேரத்துல எடுத்தோம். தண்டவாளத்து மேல என் வண்டி. என் மூக்குக்கு எதிர்ல ஒரு வைக்கோல் டிராக்டர். கலியமூர்த்தின்னு ஒருத்தன், இங்க பக்கத்து ஊரு. நடுவுல ஒரு மொழம் எடம் இல்ல.

"பின்னாடி எடுய்யா"ங்குறேன். "நீ எடுய்யா"ங்குறான். "நான் முப்பத்திரண்டு பேரை வச்சிருக்கேன்"ங்குறேன். "நான் முந்நூறு கட்டு வச்சிருக்கேன்"ங்குறான். எனக்குப் பின்னாடி லோடு ஆட்டோ ஒட்டிக்கிட்டு நிக்கிறான், நான் நெனச்சாலும் எடுக்க முடியாது. ஆனா நான் நெனைக்கல சார், அது வேற விஷயம். மானப் பிரச்சினை.

கேட் கீப்பரம்மா, அல்போன்சா மேரின்னு பேரு, செவப்புக் கொடியைத் தூக்கிக்கிட்டு ஓடியாருது. அடுத்த ரயில் வர்ற நேரமாம். கேட்டை எறக்க முடியல. எறக்கினா என் கூரை மேலதான் எறங்கும். தூரத்துல ரயில் கூவுது. வண்டியில இருந்த சனம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து எறங்குது. வேம்பு மட்டும் எறங்கல. என் சட்டையப் புடிச்சி இழுக்குறா. "ஏங்க, எறங்கி வாங்க. ஏங்க, போதும் வாங்க"ங்குறா. நான் கலியமூர்த்தியை விடுறதா இல்ல. "ரயில் வந்தா நிக்கட்டும்டீ, அவனுக்கு பிரேக் இல்லையா?"ன்னுட்டேன்.

நான் சொன்னதுல என்ன தப்பு சார்? கேட்டைப் பூட்டினாத்தான் ரயிலுக்குக் கைகாட்டி விழும், அதுவரைக்கும் ரயில் அங்கயே நிக்கும்னு அல்போன்சாவே எங்கிட்ட சொல்லுச்சு. மறுநாள் சொல்லுச்சு. அன்னைக்கு எனக்குத் தெரியாதுன்னே வச்சிக்கிங்க. ஆனா ரயில் நின்னுச்சா இல்லையா?

நின்னுச்சு. முக்கா மணி நேரம். ரயில்ல இருந்தவங்க எறங்கி, தண்டவாளத்தோட நடந்து வந்து பஞ்சாயத்து பண்ணுனாங்க. கடைசியா இருந்த காரைப் பின்னாடி தள்ளி, அப்பறம் லோடு ஆட்டோவைத் தள்ளி, அப்பறம் என்னைத் தள்ளி ஒரு வழியா ரோட்டைப் பிரிச்சாங்க. கலியமூர்த்தி முன்னாடி வந்தான் சார், அதைத்தான் என்னால இன்னும் தாங்க முடியல. வளைகாப்புக்கு நல்ல நேரம் முடிஞ்சி போச்சு. அஞ்சு வகைச் சோத்தையும் ரயில்ல வந்தவங்களே சாப்பிட்டாங்க. புளியோதரை பிரமாதம்னு ஒருத்தர் எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போனார்.

வேம்பு அந்தப் புங்கமரத்தடியில நின்னுக்கிட்டிருந்தா. "இனிமே உங்க பக்கத்துல நான் ஒக்கார மாட்டேன். எந்த நாள் நீங்க இந்தக் கேட்டுல லெஃப்டுல, வரிசையில நிக்கிறீங்களோ, அன்னைக்கு ஏறுறேன்"ன்னா. நானும் நின்னுக்கிட்டேதான் இருக்கேன் சார். பொம்பளைங்க கோவத்துல ஏதாவது சொல்லுவாங்க, அதுக்கெல்லாம் அர்த்தம் தேட முடியாது. அவளுக்கு வளைகாப்புக்குப் போக முடியலையேன்னு வருத்தம். அக்கா மகளுக்குக் கொழந்தை பொறந்ததும் போயிட்டு வந்தா சரியாயிடும்.

வெள்ளரிப் பிஞ்சு வேணுமா சார்? இந்தாம்மா, சாருக்கு ஒண்ணு குடு. மொளகாப்பொடி கொஞ்சமாப் போடு. இங்க கேட் மூடினாத்தான் இவங்களுக்கு யாவாரம். இருங்க, இப்ப எடுத்துடுறேன், ரைட்டுல இன்னும் எடம் இருக்கு… என்னது? ஆராய்ச்சியா? அது எப்படி சார் உங்களுக்குத் தெரியும்? பேப்பர்ல போட்டிருந்தானா? அப்ப என்னைப் பத்தி ஏதாவது போட்டிருந்தானா? இல்லியா? சரி விடுங்க.

அந்த ஆராய்ச்சியே என்னை வச்சித்தான் நடந்துச்சு சார். அன்னைக்கு ரயில் நின்னதுக்கு அடுத்த வாரம் திருச்சிப் பக்கத்துலேருந்து ஒரு புரொபசரம்மா வந்தாங்க. மெஹருன்னிசான்னு பேரு. மனோதத்துவம். டிரைவருங்க மனசு கேட்டுக்கிட்ட வந்ததும் என்னாவுதுன்னு படிக்கிறாங்களாம். புங்கமரத்தடியில மடக்கு நாற்காலியப் போட்டு, குடையப் புடிச்சிக்கிட்டு, முப்பது நாள் ஒக்காந்திருந்தாங்க. மொத நாளே என்னைக் கூப்புட்டு, "நீங்க ஒரு நாளைக்குப் பதினாலு தடவை தாண்டுறீங்களாமே. உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்"னாங்க. படிச்சவங்க சார், ஒரு பார்வையிலயே ஆளை எடை போட்டுட்டாங்க. அன்னையிலேருந்து நான்தான் அவங்களுக்கு ஆலோசகர்.

ஒரு ஃபாரத்தை எடுத்தாங்க. மேல ஏழுன்னு போட்டு வட்டம் போட்டாங்க. ஏழு கேள்வி போலருக்கு. "நல்லா ஓட்டுறதுக்குப் பத்து மார்க்குன்னா உங்களுக்கு நீங்க எவ்வளவு போட்டுப்பீங்க?"ன்னாங்க. ஒம்போதுன்னேன். பத்தே போட்டிருக்கலாம், தற்பெருமை கூடாது பாருங்க. அந்தக் கலியமூர்த்தியும் ஒம்போது போட்டுக்கிட்டானாம் சார்! வைக்கோல் டிராக்டருக்கு ஒம்போது மார்க்கு! "கேட்டுல நெரிசலுக்கு யாரு காரணம்?"ன்னாங்க. எதிர்ப்பக்கத்துல நிக்கிறவன்னேன். எல்லா டிரைவரும் அதையேதான் சொன்னாங்களாம். இந்தப் பக்கத்துல நாப்பது பேரு, அந்தப் பக்கத்துல நாப்பது பேரு, அத்தனை பேரும் எதிர்ப்பக்கம்னே சொல்லியிருக்கானுங்க. நான் சொன்னதைக் காப்பியடிச்சிருக்கானுங்க.

அப்பறம் "இப்ப எவ்வளவு நேரம் நின்னீங்க?"ன்னு கேட்டாங்க. அரை மணி நேரம்னேன். அவங்க கைக்கடிகாரத்தைக் காட்டுறாங்க, நாலு நிமிஷமாம். பாவம், பேட்டரி தீந்துருச்சி போலருக்கு. நான் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சி, மறுநாள் சொல்லிட்டேன். அதுக்கப்பறம்தான் அந்தக் கேட் ரூம் செவத்துல பெரிய கடிகாரமாக் கொண்டாந்து மாட்டுனாங்க. அந்தா தெரியுது பாருங்க. அதுவும் ஓடுறதில்ல சார், ஊருது.

முப்பது நாளும் நான் நிறுத்துற எடத்துக்கே வந்து, சன்னல் வழியாப் பேசுவாங்க. நான்தான் விளக்குவேன். "பாருங்க மேடம், எனக்குப் பின்னாடி நிக்கிறவனைப் பாருங்க, ராங் சைடுல வந்து நிக்கிறான்"னு காட்டுவேன். குறிச்சிக்குவாங்க. நான் என்ன சொன்னாலும் குறிச்சிக்குவாங்க. தும்மினாக் கூட குறிச்சிக்கிட்டாங்க சார்.

போன ஞாயித்துக்கெழமை சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டு அந்த ஆராய்ச்சியைப் படிச்சாங்க. ஊரே வந்திருந்துச்சு. பக்கத்து ஊரு டிரைவருங்க, அல்போன்சா, எல்லாரும். வேம்பு கடைசி வரிசையில ஒக்காந்திருந்தா. நான் மொத வரிசை. நெத்தியில விபூதி, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. சால்வை போத்துவாங்கன்னு ஒரு நெனப்பு.

புரொபசரம்மா சொல்றாங்க, பேரைச் சொல்றது ஆராய்ச்சிக்கு மொறை இல்லியாம். ஆளுக்கு ஒரு நம்பர். அதுல ஏழாம் நம்பர் டிரைவர்னு ஒருத்தனைப் பத்தி மட்டும் தனியா அரை மணி நேரம் படிச்சாங்க. சார், அப்படி ஒரு பொறுக்கியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. முப்பது நாள்ல நூத்தி நாப்பத்தெட்டு தடவை கேட் மூடியிருக்கிறப்ப வந்திருக்கான். நூத்தி நாப்பத்தெட்டு தடவையும் ரைட்டுலயே போயி நின்னிருக்கான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட வரிசையில நின்னதில்ல. ஆனா கேட்டா, லெஃப்டுலதான் நிக்கிறேங்குறானாம். ராங் சைடுல நின்னுக்கிட்டு, தலையை வெளிய நீட்டி, அடுத்தவனைப் பாத்து "வரிசையில நில்லுங்கடா"ன்னு கத்துவானாம். கேட்டைப் பாத்து ஹார்ன் அடிப்பானாம் சார். கேட்டைப் பாத்து! அது என்ன, எருமை மாடா, ஒதுங்குறதுக்கு? அதுவும் கொழந்தை அழுவுற மாதிரி ஹார்னாம்.

இதே மாதிரி ஹார்ன்தான். இந்தாங்க, கேளுங்க. நல்லாருக்குல்ல? கும்பகோணத்துல வாங்கினேன். இப்ப எல்லாவனும் இதையே மாட்டிக்கிறானுங்க.

கூடமே சிரிக்கிது. நான்தான் எல்லாரையும் விட சத்தமாச் சிரிச்சேன். சிரிச்சிட்டு இருக்கிறப்ப பாத்தா, ஒவ்வொருத்தரா திரும்பி என்னையே பாக்குறாங்க. ஆலோசகர் என்ன சொல்லப் போறாருன்னு எதிர்பாக்குறாங்க போலருக்கு. சும்மா இருக்க முடியல. எந்திரிச்சேன். "மேடம், அந்த ஏழாம் நம்பர் யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவன் லைசென்ஸைப் புடுங்கி இந்த ஊரை விட்டே தொரத்துவோம். நானே முன்னாடி நிக்கிறேன்"ன்னேன்.

கை தட்டுனாங்க பாருங்க சார். நிறுத்தவே இல்ல. கலியமூர்த்தி நாற்காலி மேல ஏறி நின்னு விசில் அடிக்கிறான். அவனே அடிக்கிறான்னா பாத்துக்கிங்க. அல்போன்சா கண்ணுல தண்ணி வழியுது. திரும்பி வேம்புவைப் பாத்தேன். முந்தானையை வாயில அடைச்சிக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்க ஒக்காந்திருக்கா. புருசனுக்கு இவ்வளவு மரியாதையான்னு அழுதுட்டா போலருக்கு. அன்னைக்கு ராத்திரி சோறு போடுறப்ப ரெண்டு தடவை என் மொகத்தைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டா. ஆனா மறுநாளும் ஷேர் ஆட்டோதான். சால்வையும் போத்தல.

அதுக்கப்பறம் எனக்கு இதே வேலை சார். அந்த ஏழாம் நம்பரைத் தேடுறேன். ரைட்டுல முன்னாடி போயி நின்னாத்தான் எல்லா வண்டியும் கண்ணுக்குத் தெரியும், அதனால முன்னாடி போயி நின்னு தேடுறேன். அகப்பட மாட்டேங்குறான். நான் வர்ற நேரத்துக்கு அவன் இருக்கிறதே இல்ல.

பேச்சு சுவாரசியத்துல பாருங்க, அப்படியே நின்னுட்டேன். ஒரு ரயில் போயிடுச்சா? ரெண்டா? எப்ப போச்சு? இன்னும் ரைட்டுல எடம் இருக்கு, இருங்க, ஒடிச்சி…

சார். அந்தா வர்றா. பச்சைப் பொடவை, கையில சாப்பாட்டுப் பை. ரோட்டு ஓரமா நடந்து வர்றா, கண்ணாடியில தெரியுது பாருங்க, அவதான் வேம்பு. திரும்பிப் பாக்காதீங்க, இயல்பா இருங்க. வெள்ளரிக்காயைக் கடிங்க.

என்ன, நின்னுட்டா? ரோட்டு ரைட்டு ஓரத்தைப் பாக்குறா. என்னைக் காணும்னு தேடுறா போலருக்கு. இந்தா, இங்கதான் இருக்கேன். பாத்துட்டா. என்ன சார் இப்படிப் பாக்குறா? முன்னாடி நிக்கிற வண்டியை எண்ணுறா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நம்மளை அஞ்சுன்னு எண்ணுறா. டயரைப் பாக்குறா. பஞ்சரா? எறங்கிப் பாக்கட்டுமா? இந்தப் பக்கமா வர்றா சார். படிக்கட்டுக்கே வந்துட்டா.

என்ன வேம்பு?

சார், உங்களைத்தான் கேக்குறா. "அண்ணே, கொஞ்சம் பின்னாடி போயி ஒக்காந்துக்கிறீங்களா"ங்குறா. எந்திரிங்க சார், சட்டுனு எந்திரிங்க. பின்னாடி எடம் இருக்கு. கண்டக்டர், சாருக்கு சன்னல் சீட்டு குடு! வெள்ளரிக்காயை நானே தர்றேன், நீங்க மொதல்ல போங்க சார், அவ மனசு மாறுறதுக்குள்ள போங்க. பையை நான் புடிச்சிக்கிறேன்.

ஒக்காரு வேம்பு. சீட்டைத் தொடச்சித்தான் வச்சிருக்கேன். தினம் தொடச்சேன்.

தொறந்துட்டாங்களா? அதுக்குள்ளயா? ரெண்டு நிமிஷம் ஆவலையே. பதினெட்டு நிமிஷமா? அந்தக் கடிகாரத்தை நம்பாதீங்கன்னு சொன்னேன்ல சார். அட, எதிர்ல பாருங்க, இன்னைக்கு அவனும் வழி விட்டுப் போறான். கலியமூர்த்தி டிராக்டர் சார் அது. கையைக் காட்டிட்டுப் போறான். என்னாச்சு இவனுங்களுக்கெல்லாம்?

மூணாவது கியர் விழுந்துடுச்சி! சத்தம் கேட்டுச்சா சார், பின்னாடி கேட்டுச்சா? வெண்ணையாட்டம் விழுந்துச்சு. ஏன் ஏறினான்னு சத்தியமா எனக்குத் தெரியல, கேக்கவும் பயமா இருக்கு. நான் என்ன புதுசா பண்ணிட்டேன்? சும்மா நின்னுக்கிட்டுத்தான இருந்தேன்.

என்ன வேம்பு? சத்தமாச் சொல்லு. சார், இவ கேக்குறா, அந்த ஏழாம் நம்பரு அகப்பட்டா நெசமாவே ஊரை விட்டுத் தொரத்திடுவீங்களாங்குறா. இப்ப எதுக்கு அதைக் கேக்குற? ஏன் சிரிக்கிற?

தொரத்துறேன்னு சொன்னது நாலு பேரு முன்னாடி சொன்னது. விட்டுடுவேன் வேம்பு. பாவம், அவனுக்கும் பக்கத்து சீட்டு காலியாக் கெடந்திருக்கும்.

புடிச்சிக்கிங்க சார், தண்டவாளம் வருது. தூக்கிப் போடும்.